தேக்காவில் இரண்டு இரவு, உபினில் ஒரு பகல்

வெள்ளிக்கிழமை, மாலை

சிங்கப்பூரின் கிழக்கே எங்கள் வீட்டுப் பக்கத்துத் தெம்பனிஸ் நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினோம். சக்கரம் வைத்த சிறிய பெட்டி ஒன்று, என் தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா வரை ரயில் மாற வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீட்டிலிருந்து பெட்டியோடு மின்தூக்கியில் இறங்கும்போதே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். தேக்காவுக்கு என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

முதலில் போட்ட திட்டம் இந்தோனேசியாவின் பிந்தான் தீவு. படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரம், கடலைப் பார்த்த அறை, இரண்டு பேருக்குக் காலை உணவு. எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கடப்பிதழ்களை எடுத்துப் பார்த்தால், என் கணவருடையது காலாவதியாக ஐந்து மாதம்கூட இல்லை. ஆறு மாதமாவது இருக்க வேண்டும். ஜோடியாக எங்கே போகலாம் என்று வலைத்தளங்களைப் புரட்டுகிறவர்கள் முதலில் அலமாரியைத் திறந்து கடப்பிதழைப் பார்ப்பது நல்லது. நான் கடைசியில்தான் பார்த்தேன்.

கடல் கடந்து போக முடியாது என்று ஆன பிறகு ஊருக்குள்ளேயே தேடினேன். செந்தோசா உல்லாசத் தீவில் கேட்ட விலைக்கு மனம் வரவில்லை. தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீட்டைப் புதுப்பித்துக் கட்டிய ஹோட்டல் கிடைத்தது. ஓர் இரவுக்கு 168 வெள்ளி. இத்தகைய கடைவீட்டு ஹோட்டல்களில் சன்னல் இல்லாத அறைகள் உண்டு. விலை குறைவாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். நான் சன்னல் உள்ள அறை, பெரிய கட்டில் ஒன்று என்று குறிப்பிட்டே பதிவு செய்தேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரீட்டா. ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் வேலை. கணவர் பிரான்சிஸ் பூன் லேயில் ஒரு மரச்சாமான் கிடங்கின் மேற்பார்வையாளர்; தினமும் தீவின் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்த் திரும்புகிறவர். ஒரே மகள் ஏஞ்சலின். ஆண்டுத் தொடக்கத்தில் படிப்பதற்காக மெல்பர்னுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. நான் கேட்பதற்குப் பதில் வராது, அல்லது ‘ம்’ என்று மட்டும் வரும். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைக்காகத்தான் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தாரோ என்று தோன்ற ஆரம்பித்தது. திருமண நாள் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் வெளியே தங்கினால் எது உண்மை என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இந்தப் பயணத்தின் காரணம் அதுதான்.

ஹோட்டல் வரவேற்பில் மலேசியாவின் ஜொகூர் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மாலை நேரம், கதவு திறந்தே கிடந்தது, வெளியே லாரி ஒன்று காய்கறிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தது. நான் சற்றுத் தள்ளி, சுவரில் மாட்டியிருந்த பழைய தெருப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் பதிவு செய்த அறையில் ஏர்கான் ஒழுகுகிறது என்று அவள் என் கணவரிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“ரெண்டு சிங்கிள் பெட் உள்ள ரூம்தான் இருக்கு சார். ஓகேவா?”

“ஓகே, ஓகே. நோ ப்ராப்ளம்,” என்றார் இவர், சிரித்த முகத்தோடு.

அறை மூன்றாவது மாடியில், பின்பக்கத்துச் சந்தின் பக்கம் பார்த்து இருந்தது. சுத்தமான அறை. இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் விளக்கு வைத்த சின்ன மேசை. இவர் உள்ளே நுழைந்ததும் கட்டில்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சன்னல் ஓரத்துக் கட்டிலில் என் பையை வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரேஸ் கோர்ஸ் சாலைக்கு நடந்தோம். அங்கே வாழையிலையில் மீன்தலைக் கறி போடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை என்பதால் ஒவ்வொரு மேசையிலும் கூட்டம். பணியாளர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள் பாட்டு. இருவர் சாப்பிடச் சிறிய சட்டிக் கறியே போதும். ருசியில் குறை சொல்ல முடியாது.

மனத்தில் பல வாரமாக வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன். வேறு நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு கேட்டால் தருவார்கள். மெல்பர்னில் மகளோடு ஓர் ஆறு மாதம் போய் இருக்கட்டுமா என்று கேட்டேன்.

இவர் மீனின் கன்னத்துச் சதையைப் பிரித்து என் இலையில் வைத்தார். “ம். நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மீனை நான் சாப்பிட்டேன். திரும்பும் வழியில் கேம்பல் லேன் பூக்கடைகளில் மல்லிகை நிறைந்திருந்தது. ஒரு முழம் வாங்கித் தந்தார். வைத்துக்கொண்டேன். இரவு தத்தம் கட்டிலில் படுத்தோம். அவர் உடனே தூங்கிவிட்டார். மெல்பர்னுக்கு என்ன குளிர் உடை வேண்டியிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, காலை

தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் காலை அப்பமும் கோப்பியும். பிறகு புலாவ் உபின் தீவுக்குப் புறப்பட்டோம். அங்கே போக வேண்டும் என்று இவர்தான் சொல்லியிருந்தார். இந்தப் பயணத்தில் அவர் கேட்ட ஒரே இடம் அது. இங்கே என் திட்டத்தின் பிழையைச் சொல்லியாக வேண்டும். உபினுக்குப் படகு ஏறும் இடம் சாங்கி. தேக்காவிலிருந்து சாங்கிக்குப் போக, வந்த ரயிலிலேயே தெம்பனிஸுக்குத் திரும்பி, அங்கிருந்து 29ஆம் எண் பேருந்து பிடிக்க வேண்டும். வாடகை கொடுத்துத் தங்குவது ஓரிடத்தில், சுற்றுலாவோ சொந்த வீட்டைத் தாண்டி. உபின் போக விரும்புகிற ஜோடிகள் கிழக்குப் பக்கமாகவே அறை எடுப்பது நல்லது. எங்களைப் போல அங்கேயே குடியிருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சாங்கிப் படகுத்துறையில் கால அட்டவணை இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஆளுக்கு நான்கு வெள்ளி, ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். மோட்டார் சத்தத்தில் யாரும் பேசிக்கொள்ள முடியாது, அதனால் எங்களுக்குப் படகு சௌகரியமாகவே இருந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை வந்துவிடும்.

உபினில் இறங்கியதும் வாடகைச் சைக்கிள் கடைகள். பிரேக்கையும் மணியையும் சோதித்த பிறகே எடுக்க வேண்டும். தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற சதுப்புக் கரை இருக்கிறது, மூன்றரைக் கிலோமீட்டர் தூரம். சாலை குறுகல், இரு பக்கமும் ரப்பர் மரமும் புதரும். சைக்கிள் மிதிக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்லச் சில வேன்கள் ஓடுகின்றன.

இவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு மரத்தில் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருந்தது. அவருக்குக் காட்டலாம் என்று மணியை அடித்தேன். திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. இங்கே வந்துமா என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

ஒரு சின்ன இறக்கத்தில் பின்னாலிருந்து வேன் ஒன்று வந்தது. ஹார்ன் கேட்டு நான் ஓரம் கட்டினேன். அது என்னைத் தாண்டி, அவரை நெருங்கி, மறுபடி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அவர் சாலை நடுவில் போய்க்கொண்டே இருந்தார். வேன் வலப்பக்கமாக முந்தப் போகும் நேரத்தில், எதிரே இருந்த ஏதோ ஒரு பாதைப் பலகையைப் பார்ப்பதற்காக அவரும் வலப்பக்கம் திரும்பினார். சரளையில் டயர் கிறீச்சிட்டது. வேன் நின்றது. சைக்கிள் புல்லில் சரிந்தது, அவரும் விழுந்தார்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, பேன்ட்டில் மண். வேறொன்றும் இல்லை. ஓட்டுநர் வயதான சீனர். இறங்கி வந்து கோபமாகத்தான் பேச ஆரம்பித்தார். மூன்று தடவை ஹார்ன் அடித்தேன், வேண்டுமென்றே வழியை மறிக்கிறாரா என்றார். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“அங்கிளுக்குக் காது கேட்காதா?”

கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். இவர் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கவில்லை. உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்ததும் பார்வை என் உதடுகளுக்கு மாறியது. வீட்டில் எத்தனையோ தடவை இப்படி அவர் என்னைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

ஓட்டுநர் வேனிலிருந்து தண்ணீர்ப் புட்டியும் பிளாஸ்டரும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே செக் ஜாவா வரை நடந்தோம்.

நண்பகல்

செக் ஜாவாவில் கடலுக்கு மேலே ஒரு நீண்ட நடைபாதை போட்டிருக்கிறார்கள். நீர் வற்றியிருந்ததால் மணல் திட்டும் கடற்புல்லும் நன்றாகத் தெரிந்தன. கூட்டம் இல்லை. காற்றுகூட அதிகம் இல்லை. நிழலாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவரே பேசினார்.

“கேக்கல, ரீட்டா. ரொம்ப நாளாவே சரியா கேக்கல.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஏஞ்சலின் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோதே தொடங்கியது என்றார். முதலில் இடது காது, பிறகு இரண்டும். வேலையிடத்தில் எல்லாவற்றையும் செய்தியாகக் கைபேசியில் அனுப்பச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். வீட்டில் சமாளிக்க மகள் இருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரியாது. ஆனால் ‘அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க’, ‘அப்பா, அம்மா கேக்கறது உங்களைத்தான்’ என்று நான் சொன்னதையெல்லாம் அவள் அருகே போய் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து நான் பேசியதெல்லாம் அவள் வழியாகவே அவரிடம் போயிருக்கிறது. அவள் விமானம் ஏறியதும் எங்களுக்கு நடுவே இருந்த ஆள் இல்லாமல் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருடைய அப்பாவுக்கும் ஐம்பதுக்கு முன்பே காது போனது. குடும்ப விருந்துகளில் சம்பந்தமில்லாமல் மாமனார் பதில் சொல்வதும், மேசையே சிரிப்பதும், அவரும் என்னவென்று தெரியாமல் கூடவே சிரிப்பதும் எனக்கே நினைவிருக்கிறது. அந்த நாற்காலியில் தானும் போய் உட்கார மனம் வரவில்லை என்றார்.

நான் கேட்டேன். “நேத்து கவுன்டர்ல அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?”

“ரெண்டு நைட்டான்னு.”

“ரெண்டு சிங்கிள் பெட் ஓகேவான்னு கேட்டுச்சு.”

அவர் முகம் மாறியது. “நீதான் அப்படி புக் பண்ணேன்னு நினைச்சேன் லா,” என்றார். “அதான் ஒண்ணும் கேக்கல.”

இரவெல்லாம் நான் அவரைப் பற்றி நினைத்ததையே அவர் என்னைப் பற்றி நினைத்திருக்கிறார். ஆனாலும் தூங்கிவிட்டார், அதை மட்டும் எப்படிச் செய்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஒன்று பாக்கி இருந்தது. சாப்பாட்டுக் கடையில் நான் கேட்டது என்ன தெரியுமா என்றேன். மீன் எப்படி இருக்கிறது என்றுதானே என்றார். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். விட்டுவிட்டால் அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இனி அவருக்குத் தெரியாமல் எதையும் வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. பெஞ்சில் திரும்பி அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஆறு மாதம் ஏஞ்சலினோடு போய் இருக்கட்டுமா என்று கேட்டேன், நீங்கள் நல்லாத்தான் இருக்கு என்றீர்கள்.

நடைபாதையில் ஒரு சீனக் குடும்பம் எங்களைக் கடந்து போனது.

“போயிட்டு வந்துருவியா?” என்று கேட்டார். “இல்ல, திரும்பி வராம இருக்கத்தான் போறியா?”

“நேத்து வரைக்கும் எனக்கே தெரியல,” என்றேன்.

அவர் தலையசைத்தார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் அசைத்தார். சிராய்த்த கையை என் மடியில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டர் ஒரு பக்கம் பிரிந்திருந்தது, அழுத்தி ஒட்டினேன். படகுத்துறைக்குத் திரும்பும்போது நான் முன்னாலும் அவர் பின்னாலும் வந்தோம். அப்படித்தான் போக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

மாலை

ஹோட்டலுக்குத் திரும்பியபோது அதே பெண் இருந்தாள். வேறு அறை கிடைக்குமா என்று விசாரிக்க நான் முன்னால் போனேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே போனார். அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே வேகமாக ஏதோ சொன்னாள்.

“எனக்குக் காது சரியா கேக்காதும்மா,” என்றார். “என்னைப் பாத்து, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.”

அவர் அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது. சோபாவில் இருந்த இரண்டு பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் காது மடல்கள் சிவந்தன, ஆனால் நகரவில்லை. அந்தப் பெண் கணினியை விட்டு எழுந்து நின்று, அவரைப் பார்த்து, ஏர்கான் சரியாகிவிட்டது, பெரிய கட்டில் உள்ள அறை இப்போது தயார், பையை எடுத்துவரச் சொல்லட்டுமா என்று நிதானமாகச் சொன்னாள். நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

அன்று மாலைக்குச் சிங்கப்பூர் ஆற்றில் படகு உலா பதிவு செய்திருந்தேன். போனோம். கிளார்க் கீயிலிருந்து மரினா பே வரை போய்த் திரும்பும். ஜோடிகளுக்கு எல்லாரும் சிபாரிசு செய்வது இதைத்தான். ஒலிபெருக்கியில் வரலாறு சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிந்ததுபோல் தலையாட்டவும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கட்டட விளக்குகளைப் பார்த்தார். இடையிடையே நான் எதையாவது சொன்னால் குனிந்து, “என்ன?” என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்டார். அந்த வருடம் முழுவதும் அவர் என்னிடம் கேட்காத கேள்வி அது.

ஞாயிற்றுக்கிழமை

லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் அறையைக் காலி செய்துவிடுவது வசதி. அன்று பிற்பகல் முதல் தீவின் எல்லா மூலையிலிருந்தும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து சேர்வார்கள். நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள். நமக்கு மற்ற ஆறு நாளும் இருக்கிறது.

காலையில், நடக்கும் தூரத்தில் இருந்த தேவாலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போனோம். எங்கள் பங்குக் கோயிலில் இவர் எப்போதும் கடைசி பெஞ்சில், மின்விசிறிக்கு அடியில் உட்காருவார். இங்கே நேராக முன்னால் நடந்தார். இரண்டாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மறையுரை முடிந்ததும், பாதர் நல்லாப் பேசறார், முக்கால்வாசி கிடைச்சுது என்று என் காதருகே சொன்னார்.

மதியம் அதே ரயில், அதே பெட்டி. பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மகளிடம் யார் சொல்வது என்று பேசினோம். அவரே சொல்கிறேன் என்றார். அன்று மாலை காணொளியில் சொன்னார். அவள் சற்று நேரம் அழுதாள், பிறகு எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று எங்களுக்கு உத்தரவிட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு பலதுறை மருந்தகத்தில் மருத்துவர், அங்கிருந்து மருத்துவமனை, காதுச் சோதனை, காத்திருப்பு என்று சில மாதங்கள் போயின. இரண்டு காதுக்கும் கருவி வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், பிரிட்ஜ் பழுதாகிவிட்டது, இப்படிச் சத்தம் போடுகிறதே என்றார். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்றேன். புதுக் கடப்பிதழ் எடுத்தோம். மெல்பர்னுக்குப் போனோம், இருவரும், பத்து நாள்.

ஜோடியாகப் போக எந்த இடம் நல்லது என்று பள்ளி அலுவலகத்தில் என்னைக் கேட்கிறார்கள். தேக்கா ஹோட்டலின் பெயரைச் சொல்கிறேன், படகு உலாவையும் சொல்கிறேன். ஆனால் இடத்தைவிட எனக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, சமையலறை ஒன்று, படுக்கையறை மூன்று. அத்தனை சுவருக்கும் ஊடாகவே பேசிப் பழகியிருந்தோம். ஹோட்டலில் இருப்பது ஒரே அறை. எதைச் சொல்வதானாலும் எதிரில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலே அவருக்குக் கேட்கிறது. ஆனாலும் நெருப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்குப் போய், அவர் எதிரில் நின்று, சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல்கிறேன்.